கழுத்துப் பட்டியில் இல்லாத ஆறு

நீங்கள் இப்போது போட்டிருக்கும் பனியனின் கழுத்துப் பட்டியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அளவு இருக்கும், நூறு சதவீதம் பருத்தி என்று இருக்கும், எப்படித் துவைக்க வேண்டும் என்றுகூட இருக்கும். அதற்குச் சாயம் போட்ட தண்ணீர் எங்கே போனது என்று மட்டும் இருக்காது. அந்தத் தண்ணீர் போன இடத்தில்தான் நான் விவசாயம் பார்க்கிறேன்.

போன வாரம் அண்ணன் மகன் தோட்டத்துக்கு வந்திருந்தான். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய கேள்வித்தாள் கையில் இருந்தது. சாயம் போடுவது எந்தப் பட்டறை, தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார்கள், கழிவு எங்கே போகிறது, உப்பை என்ன செய்கிறார்கள் என்று பக்கம் பக்கமாகக் கேள்வி.

"இதெல்லாம் எப்பருந்துடா கேக்கறாங்க?" என்றேன்.

"நான் சேர்ந்ததுலருந்தே இருக்குதுங்க சித்தப்பா."

அவனுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தக் கேள்விகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் எங்கள் ஊர்க் கிணறுகளும் இருக்கின்றன.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு அல்ல. மழைக்கு வரும், அணைக்கட்டுக்களில் தேங்கும், குளங்கள் நிறையும், கிணறுகள் ஊறும். எங்கள் அப்பாரு காலத்தில் அதை வைத்தே மஞ்சளும் நெல்லும் வந்தன.

திருப்பூர் ஆரம்பத்தில் உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் தைத்த ஊர். 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் வந்ததிலிருந்து ஏற்றுமதி சூடுபிடித்தது என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். வெளிநாட்டுக்காரர் கேட்டது கலர் கலரான டி-சர்ட். சலவைப் பட்டறைக்குப் பக்கத்தில் சாயப்பட்டறைகள் பெருகின. ஒரே கம்பெனி எல்லாவற்றையும் செய்வதில்லை என்பதுதான் திருப்பூரின் பலம். நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், கட்டிங் ஒருவர், தையல் ஒருவர். எல்லாமே கூலிக்கு. ஆர்டர் பிடித்தவருக்குச் சாயப்பட்டறை என்பது கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்ற ஒரு வரி. அந்த வரியைக் குறைத்தால் லாபம். குறைத்தது ஆற்றுக்குத் தெரிந்தது.

இங்கே உப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் சும்மா போட்டால் நூலில் ஏறாது. உப்புப் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். லிட்டருக்கு 40 கிராமில் தொடங்கி, கருப்பு, நேவி மாதிரி அடர்ந்த நிறத்துக்கு 80, 100 கிராம் வரை போகும். ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலே 400 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை உப்பு. சாயமாவது பெரும்பகுதி துணியோடு போய்விடுகிறது. உப்பு மொத்தமும் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தை எடுக்கலாம், உப்பை எடுக்க முடியாது. 1990-களில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் செய்தது அதைத்தான். தண்ணீர் பார்வைக்குத் தெளிந்திருக்கும். லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு இருக்கக் கூடாது என்பது விதி. அந்த விதியைத் தாண்டித்தான் தண்ணீர் கீழே வந்தது.

வந்து நின்ற இடம் ஒரத்துப்பாளையம் அணை. சென்னிமலைப் பக்கம், 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. 20,000 ஏக்கர் பாசனத்துக்கென்று கட்டினார்கள். இனி மூன்று போகம் என்று எங்கள் ஊரில் கணக்குப் போட்டார்கள். சில வருடங்களிலேயே அது சாயத் தண்ணீரைத் தேக்கும் தொட்டியாகிவிட்டது. சுற்றிலும் கிணறுகள் உப்பாயின. எங்கள் தோட்டத்தில் முதலில் போனது மஞ்சள். அப்புறம் தென்னையில் காய் சிறுத்தது. தாழியில் ஊற்றிய தண்ணீரை எருமை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்ட அன்றைக்குத்தான் அப்பா வாய்விட்டு அழுதார். கடைசியில், அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று பாசன விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது.

அணை வந்த அதே 1992-ல்தான் ஐரோப்பாவில் ஓகோ-டெக்ஸ் என்ற தரச்சான்று தொடங்கியது. துணியில் உடம்புக்குக் கெடுதலான ரசாயனம் இருக்கிறதா என்று சோதிப்பது அதன் வேலை. 1994-ல் ஜெர்மனி, தோலில் பட்டுப் பிரிந்தால் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சில அசோ சாயங்களுக்குத் தடை போட்டது. 1997-ல் இந்தியாவும் தடை செய்தது. அந்தச் சாயத்தைவிட்டு ஏற்றுமதிக்காரர்கள் மாறினார்கள். மாறாவிட்டால் சரக்கு திரும்பி வரும்.

இதை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். வாங்குகிறவன் கேட்டால் மாறுகிறது. அவன் கேட்டது போடுகிறவன் தோலைப் பற்றி. ஆற்றைப் பற்றிக் கேட்கவில்லை, அதனால் ஆறு மாறவில்லை.

ஆற்றுக்காகக் கேட்டது நாங்கள்தான். 2003-ல் நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதற்கிடையே 2004-ல் சூழல் இழப்பீட்டு ஆணையம் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் என்று தீர்மானித்தது. ஆளுக்குப் பிரித்தால் சராசரி ஒன்பதாயிரத்தைத் தொடாது. 2006-ல், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் நடக்காததால் 2011 ஜனவரி 28-ல் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொல்லிவிட்டார்கள். 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

அன்றைக்கு எங்கள் ஊரில் யாரும் வெடி வெடிக்கவில்லை. கம்பெனி வேனில் தையலுக்குப் போகிற பெண்கள் எங்கள் வீட்டுப் பெண்கள்தானே. தோட்டம் கெட்ட பிறகு அடுப்பெரிய வைத்தது அந்தச் சம்பளம்தான். ஆறும் வேண்டும், வேலையும் வேண்டும் என்பது பேராசை இல்லைங்க.

பிறகு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. தண்ணீரைச் சவ்வில் வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து, உப்பைப் பிரித்து, தண்ணீரையும் உப்பையும் திரும்பச் சாயத்துக்கே எடுக்கும் முறை வந்தது. இந்த அளவுக்கு இதைச் செய்கிற ஜவுளி ஊர்கள் உலகத்தில் குறைவு. அதற்கு மின்சாரம், விறகு, ஆள் எல்லாம் வேண்டும், செலவு சாயக்கூலியில் ஏறுகிறது. அந்தச் செலவு இல்லாத ஊரில் அதே டி-சர்ட் மலிவாகக் கிடைத்தால், வாங்குகிறவர் அங்கே போய்விடலாம்.

வெளிநாட்டுக் கம்பெனிகள் உண்மையாகவே கேள்வி கேட்க ஆரம்பித்தது இதற்கெல்லாம் அப்புறம்தான். 2013-ல் டாக்கா பக்கம் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். உலகம் பட்டியைத் திருப்பிப் பார்த்தது. ஜெர்மனியில் 2023 ஜனவரியில் அமலுக்கு வந்த சட்டம், சரக்கு கொடுக்கும் ஊரில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதைப் பெரிய கம்பெனிகளின் கடமை ஆக்கியது. அண்ணன் மகன் கையில் இருந்த தாள் இப்படி வந்து சேர்ந்ததுதான்.

நான் முழுசாகப் படித்துப் பார்த்தேன். நல்ல கேள்விகள்தான். ஆனால் சுத்தம் செய்த சாயத்துக்குக் கிலோவுக்கு எவ்வளவு கூடக் கொடுக்கிறோம் என்று வாங்குகிறவர் தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றும் அதில் இல்லை.

ஒரு கட்டத்தை மட்டும் அவன் நிரப்பாமல் விட்டிருந்தான். ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருப்பவர்களிடம் பேசினீர்களா என்ற கேள்வி.

"அதுக்குத்தாங்க சித்தப்பா வந்தேன். என்ன எழுதட்டும்?"

கிணற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். "இதை டெஸ்ட் பண்ணிட்டு வா சாமி. வர்ற நம்பரை எழுது" என்றேன்.