சேம அச்சும் மெக்னீசியம் வீலும்

ஈ.சி.ஆரில் புதுச்சேரிப் பக்கம் போனவர்களுக்கு மரக்காணம் உப்பளங்கள் கட்டாயம் ஞாபகம் இருக்கும். ரோட்டை ஒட்டிப் பாத்தி பாத்தியாய் நீர், வெள்ளை வெள்ளையாய் உப்புக் குவியல்கள், அந்தப் பக்கம் கழுவேலி ஏரி. பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காருக்கு என்ன வீல் போடலாம், எந்த ஸ்பிரிங் சரிவரும் என்கிற கேள்விக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்னு தோணலாம். நிறையவே இருக்கு. கொஞ்ச நாளாய்ச் சேர்த்துவைத்த குறிப்புகளை இங்கே கோர்த்துத் தருகிறேன்.

உமணர் வண்டி

சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனின் ஓய்மாநாட்டுத் துறைமுகமாக எயிற்பட்டினம் வருகிறது. இன்றைய மரக்காணம்தான் அது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அதே பாட்டில் உப்பு ஏற்றிக்கொண்டு வரிசையாய்ப் போகிற உமணர் வண்டிகளும் வருகின்றன.

வண்டி விஷயத்தில் உமணர்கள் எவ்வளவு விவரமானவர்கள் என்பதற்குப் புறநானூறு 102-ஆம் பாட்டு சாட்சி. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பற்றி ஔவையார் பாடியது. எருதுகளோ இளசு, நுகம் பழகாதவை. பாரமோ அதிகம். வழியில் பள்ளம் வரும், மேடு வரும், என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? அதனால் வண்டியின் அச்சுக்குக் கீழே இன்னொரு அச்சையும் கட்டிக்கொண்டு கிளம்புவார்களாம். அதற்குப் பெயர் சேம அச்சு. பொகுட்டெழினி அப்படிப்பட்டவன் என்பது ஔவையின் உவமை.

எனக்கு இதில் பிடித்தது உமணர் கணக்குப் போட்ட முறை. வண்டி எப்படித் தெரியும் என்ற யோசனையே அங்கே இல்லை. எந்தப் பாதை, எவ்வளவு பாரம், எது முதலில் உடையும் என்ற மூன்று கேள்விதான். வீல், சஸ்பென்ஷன் வாங்குகிறவர்களும் கேட்க வேண்டியவை இவைதான். பெரும்பாலும் கேட்பதில்லை.

கடலிலிருந்து வந்த உலோகம்

கடல்நீரைப் பாத்தியில் காயவிட்டால், 25 டிகிரி போமே அடர்த்தியில் சமையல் உப்பு படிய ஆரம்பிக்கும். 29 டிகிரியை நெருங்கும்போது மிச்சமுள்ள நீரை வெளியேற்றிவிடுவார்கள். இல்லாவிட்டால் உப்பு கசக்கும். அந்தக் கசப்புக்குக் காரணம் மெக்னீசியம் உப்புகள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 1.3 கிராம் மெக்னீசியம் இருக்கிறது.

1941-இல் அமெரிக்காவின் டவ் கம்பெனி டெக்சாஸ் மாநிலத்தின் ஃப்ரீபோர்ட்டில் கடல்நீரிலிருந்தே மெக்னீசியம் எடுக்கத் தொடங்கியது. விமானங்களுக்குப் போர்க்காலத்தில் இலேசான உலோகம் தேவைப்பட்டது. ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு 7.8 கிராம், அலுமினியம் 2.7 கிராம், மெக்னீசியம் வெறும் 1.74 கிராம். போர் முடிந்ததும் இந்த உலோகம் பந்தயக் கார்களின் சக்கரத்துக்கு வந்தது. அமெரிக்காவில் ஹாலிபிராண்ட், 60-களில் இங்கிலாந்தில் மினி கார்களுக்கான மினிலைட், எல்லாம் மெக்னீசியம் வார்ப்புகள்.

சக்கரத்தின் எடைக்கு ஏன் இத்தனை கவலை? ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் எடையை ஸ்பிரிங் தாங்குகிறது. கீழே இருக்கும் சக்கரம், டயர், பிரேக் இவற்றின் எடையோ ரோட்டின் ஒவ்வொரு குழியிலும் நேரடியாகக் குதிக்கிறது. அதைக் குறைத்தால் டயர் ரோட்டை விடாமல் பிடிக்கும்.

ஜப்பானில் நடந்தது

சுசூகா பந்தயத் தடம் 1962-இல் வந்தது, ஃபூஜி 1966-இல். பந்தயத்தில் ஓடியது கடைக்கு வந்தது. டொயோட்டா 2000ஜி.டி. மெக்னீசியம் சக்கரத்தோடு வெளியானது. 1969-இல் நிசான் கொண்டுவந்த ஃபேர்லேடி இசட் வரிசையில், பந்தய எஞ்சின் பொருத்திய இசட்432-க்கும் மெக்னீசியம் சக்கரம். சாதாரண இசட்டுக்கு (வெளிநாடுகளில் 240இசட்) 14 அங்குல இரும்பு வீல்தான், அகலம் நாலரை அங்குலம். பார்க்கவே பாவமாக இருக்கும். அதனால் வாங்கினவர்கள் எல்லாரும் முதலில் மாற்றியது வீலைத்தான். ஆர்.எஸ். வாட்டனாபேயின் எட்டு ஆரக்கால் வீல் அப்படித்தான் ஒரு தலைமுறையின் அடையாளம் ஆனது.

கூடவே இன்னொரு வழக்கமும் வந்தது: காரைத் தாழ்த்துவது. வழவழப்பான பந்தயத் தடத்தில் அது நியாயம். நம்ம ஊரிலும் பந்தயம் சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்து, 1990-லிருந்து இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் நடக்கிறது. அங்கேயும் அதே நியாயம்தான். ஆனால் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வீட்டு வாசலில் நிற்கிற காரையும் தாழ்த்தும்போதுதான் சிக்கல்.

மேத்தா ஓட்டிய இசட்

இதே 240இசட்டுக்கு இன்னொரு வரலாறு இருக்கிறது. அதை யாரும் அதிகம் நினைப்பதில்லை. கிழக்கு ஆப்பிரிக்க ஸஃபாரி ராலி: 5,000 கிலோமீட்டருக்கு மேல் செம்மண், சேறு, கல். 1971-இல் எட்கர் ஹெர்மான் 240இசட்டில் முதலிடம். இன்னொரு 240இசட்டில் இரண்டாவதாக வந்தவர் ஷேகர் மேத்தா, உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். 1972-இல் இடி அமின் ஆசியர்களை விரட்டியபோது கென்யாவுக்குப் போனார். மறு வருஷமே, 1973-இல், அதே 240இசட்டில் ஸஃபாரியை ஜெயித்தார். இன்னொரு டாட்சன் ஓட்டிய ஹாரி ஷெல்ஸ்ட்ரோமும் அவரும் சம புள்ளிகள். சமநிலைக்கான விதிப்படி மேத்தாவுக்கு வெற்றி. பிறகு 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை ஜெயித்தார்.

ஸஃபாரி இசட்டின் படங்களைப் பாருங்கள். கார் உயர்ந்து நிற்கும். வயிற்றுக்கடியில் கனத்த தகட்டுக் கவசம். டயரின் பக்கச்சுவர் தடிமன். ஃபூஜிக்கு எதெல்லாம் குறையோ, அதெல்லாம் இங்கே பலம். மாறியது பாதை மட்டும்தான்.

கொஞ்சம் கணக்கு

240இசட்டின் பழைய 175 டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 635 மி.மீ., பக்கச்சுவர் 140 மி.மீ. விட்டம் அதிகம் மாறாமல் வீலைப் பெரிதாக்கினால் என்ன ஆகிறது?

195/70 ஆர்14: பக்கச்சுவர் 136 மி.மீ.
205/60 ஆர்15: 123 மி.மீ.
215/45 ஆர்17: 97 மி.மீ.

பதினேழுக்குப் போனால் ரப்பரில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. குழியின் அடியை அதுவரை வாங்கிய ரப்பருக்குப் பதில் ரிம், அப்புறம் பேரிங், அப்புறம் ஷாக் அப்சார்பர் வாங்கும்.

தாழ்த்துவதிலும் ஒரு சூட்சுமம். இசட்டின் முன்னும் பின்னும் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன். காரைத் தாழ்த்தினால் கீழ்க் கையின் வெளிமுனை மேல்நோக்கிச் சாயும். அப்போது காரின் எடைமையம் இறங்குவதைவிட வேகமாக, அது பக்கவாட்டில் சாயும் மையம் இறங்கிவிடும். விளைவு, வளைவில் கார் முன்னைவிட அதிகமாய்ச் சாயத் துடிக்கும். அதைச் சமாளிக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் போட வேண்டிவரும். ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு கடினமாக்கினால் அதிர்வு வேகம் சுமார் 1.4 மடங்கு ஆகும். பழைய ஷாக் அப்சார்பரால் அதை அடக்க முடியாது. ஒன்றைத் தொட்டால் மற்றது தொடரும். 25 மி.மீ. வரை தாழ்த்துவது வேறு, 60 மி.மீ. வேறு என்று சொல்வது இதனால்தான்.

உப்புக் காற்று

இப்போ மரக்காணத்துக்குத் திரும்புவோம். கடல்நீரில் உலோகங்களை வரிசைப்படுத்தினால், வழக்கமான கட்டுமான உலோகங்களில் முதலில் கரைகிறது மெக்னீசியம்தான். அதில் ஓர் இரும்பு போல்ட் தொட்டுக்கொண்டிருந்தால், நடுவே உப்புநீர் ஒரு சொட்டு போதும், ஒரு குட்டி பேட்டரி தயார். இரும்பு தப்பிக்கும், மெக்னீசியம் போகும். கப்பல் அடிப்பாகத்திலும் பூமிக்கடியில் போகும் குழாய்களிலும் 'பலி' உலோகமாகக் கட்டுவது இந்தக் குணத்துக்காகவே. வீலின் நட்டுத் துளையில் இது நடந்தால் சும்மா இருக்க முடியுமா?

இன்னொன்று. சுத்தமான சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசிந்து நீராகும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடற்காற்று கொண்டுவந்து ஒட்டுகிற உப்பில் இரண்டும் கலந்திருக்கும். ஆகவே கார் காய்ந்தமாதிரி தெரிந்தாலும் ஓரங்களில் காயவே காயாது.

இதெல்லாம் நம்ம ஊரிலேயே ஆராய்ந்த விஷயம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளை வெயிலிலும் காற்றிலும் வைத்து அரிப்பை அளந்தது. மெக்னீசியத்தை மின்சாரத்தால் பிரிக்கும் முறைகளிலும் அங்கே ஆய்வு நடந்தது. கடலிலிருந்து உலோகத்தை எடுப்பதும், கடல் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளாமல் காப்பதும் ஒரே கூரையின் கீழ்.

சரி, எதைப் போடுவது?

240இசட் நம்ம ரோட்டில் அபூர்வம்தான். ஆனால் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-உம் சுசூகியின் ஜப்பானிய வடிவமே. ஆசையாய் அலாய் மாட்டித் தாழ்த்துகிற பழைய 800, ஜென் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். என் முடிவுகள்:

நிஜ மெக்னீசியம் வீல் கையில் இருந்தால் வீட்டுக்குள் பத்திரப்படுத்துங்கள். ஓட்ட வேண்டாம். அதே எட்டு ஆரக்கால் வடிவம் அலுமினியத்திலும் வருகிறது. உள்ளே ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பானியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். போல்ட் வட்டம் (இசட்டுக்கு 4 துளை, 114.3 மி.மீ.), நடுத்துளை, ஆஃப்செட் மூன்றும் சரியாக இருக்கணும். ஆஃப்செட் தவறினால் பேரிங்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் சுமை கூடும்.

அலுமினியமும் அமரத்துவம் பெற்றதல்ல. மேல்பூச்சில் கீறல் விழுந்தால் அதன் அடியில் புழு ஊர்ந்தமாதிரி அரிப்பு ஓடும். கீறலை உடனே அடைத்துவிடுங்கள். ஹப்பைத் தொடும் முகத்தைச் சுத்தமாகத் தேய்த்து மெல்லிய கிரீஸ் பூசுங்கள். நட்டு உட்காரும் இடத்தில் மட்டும் பூச வேண்டாம்.

உயரத்தைத் திருகி மாற்றும் காயில்ஓவர் இந்தக் கரையில் தலைவலி. திருகு மறையில் உப்பு புகுந்தால் இறுகிவிடும். நிலையான ஸ்பிரிங், அதற்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பர், தண்டுக்கு ரப்பர் உறை. அது போதும். உறை கிழிந்தால் தண்டின் குரோம் புள்ளி புள்ளியாய் அரித்து, ஆயில் சீலைக் கிழிக்கும். ஸ்பிரிங்கில் பெயின்ட் பெயர்ந்த இடத்தையும் விடாதீர்கள். ஸ்பிரிங் பெரும்பாலும் உடைவது அப்படி ஒரு துருப்புள்ளியில் தொடங்கித்தான்.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை வைத்து, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. கழற்றிய பழைய வீல்களையும் ஸ்பிரிங்குகளையும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, செலவே இல்லாத வேலை. உப்பளப் பக்கம் போய்விட்டு வந்த அன்றே, மறுநாள் வரை தள்ளாமல், வீலின் உட்புறம், ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம், கீழ்க் கை எல்லாவற்றிலும் நல்ல தண்ணியை ஓடவிட்டுக் கழுவுங்கள்.