மதுரை மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரி: தோற்றத்தின் வரலாற்றுப் பின்புலம்

முன்னுரை

மதுரைப் பெண்களின் உயர்கல்வி வரலாற்றில் கிறித்தவச் சபையினரின் பணி முதன்மையானது. அவ்வரலாற்றில் அரசு நேரடியாகப் பங்கேற்ற ஆண்டு 1965. அவ்வாண்டில் கோரிப்பாளையத்தில் தோன்றிய ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரியைப் பள்ளிக்கல்விப் பரவலின் தொடர்ச்சியாகக் கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

அரசுக்கு முந்தைய முயற்சிகள்

அமெரிக்க மிஷனைச் சார்ந்த கேட்டி வில்காக்ஸ் 1948இல் லேடி டோக் கல்லூரியை நிறுவினார். 1953இல் கத்தோலிக்கக் கன்னியர் சபையினர் பாத்திமா கல்லூரியைத் தொடங்கினர். சென்னையிலோ அரசு 1914இலேயே மகளிர்க்கெனக் கல்லூரி தொடங்கியிருந்தது. அதுவே பின்னர் இராணி மேரி கல்லூரி எனப் பெயர் பெற்றது. மாநிலத் தலைநகரில் அரசு செய்ததை மதுரையில் செய்ய 51 ஆண்டுகள் ஆயின. இவ்விடைவெளியை நிதிப் பற்றாக்குறை ஒன்றால் மட்டும் விளக்கிவிட முடியாது. கல்லூரிக்கு வரத்தக்க பெண்கள் பள்ளிகளில் உருவாக வேண்டியிருந்தது. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் சென்னை மாநிலப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 18 பேரே எழுத்தறிந்திருந்தனர்.

பதினோராண்டுத் தொடர்ச்சி

1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. அக்காலப் பள்ளியிறுதிப் படிப்பு 11 ஆண்டுகளைக் கொண்டது. அதனையடுத்துக் கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பு. எனவே 1954 சூனில் முதல் வகுப்பில் சேர்ந்த ஒரு சிறுமி, இடைநிற்றலின்றிப் பயின்றிருப்பின், 1965இல் புகுமுக வகுப்பின் வாயிலில் நின்றிருப்பாள். கல்லூரியின் தோற்ற ஆண்டும் இக்கணக்கும் பொருந்துவது கருதத்தக்கது. பள்ளிக்கல்வியின் விரிவு கல்லூரிக் கல்விக்கான தேவையைத் தோற்றுவித்தது.

கொள்கைப் பின்புலம்

1958இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் பெண்கல்விக்கான தேசியக் குழு அமைந்தது. 1963இல், ஊர்ப்புறப் பெண்கல்விக்கு மக்கள் ஆதரவு குன்றியிருப்பதன் காரணங்களை ஆராய மற்றொரு குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர், அப்போது சென்னை மாநில அமைச்சராயிருந்த எம். பக்தவத்சலம். அவரே அவ்வாண்டு அக்டோபரில் முதலமைச்சரானார். மதுரைக் கல்லூரி தோன்றியதும் அவர் ஆட்சிக்காலத்திலேயே. பெண்கள் கற்க வாராமைக்கான காரணங்களை ஆராய்ந்த குழுவின் தலைவரே கல்லூரி தொடங்கும் அதிகாரத்தையும் பெற்றிருந்தார் என்பது இக்கல்லூரியின் வரலாற்றில் விடுபடலாகாத செய்தி.

இடமும் அணுக்கமும்

சிம்மக்கல், யானைக்கல் பகுதிகளிலிருந்து ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் வழியே வைகையைக் கடந்தால் கோரிப்பாளையம். பழைய நகரத்தின் தெருக்களுக்கு இக்கல்லூரி நடைதூரத்தில் அமைந்தது. விடுதிச் செலவைத் தாங்க இயலாத, மகளை வெளியூர் அனுப்பத் தயங்கிய குடும்பங்களுக்கு இவ்வணுக்கம் கட்டணக் குறைவுக்கு இணையான சலுகையாகும். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் பட்டம் வழங்கும் அமைப்பும் நகருக்கு அருகிலேயே அமைந்தது.

முடிவுரை

இராணி மேரி கல்லூரி வளாகத்தில் தலைமைச் செயலகம் கட்ட 2003இல் எடுக்கப்பட்ட முடிவை மாணவியர் எதிர்த்துப் போராடினர், அத்திட்டம் நிறைவேறவில்லை. பொதுக் கல்லூரி ஒன்றின் வரலாற்றை அதன் பயனாளரே காக்க வேண்டியிருந்ததை இந்நிகழ்வு காட்டுகிறது. அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கு உயர்கல்வியின்போது மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. அரசுப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே 1965இல் காணப்பட்ட தொடர்பை இத்திட்டம் மீண்டும் வலியுறுத்துகிறது. ஆகவே, அரசு மகளிர் கல்லூரிகளின் வரலாற்றைக் கட்டடங்கள், முதல்வர்கள் பட்டியலாக மட்டும் எழுதுவது போதாது. மாணவியர் எப்பள்ளிகளிலிருந்து வந்தனர் என்பதைச் சேர்க்கைப் பதிவேடுகளின் வழி ஆராய்வதே அவ்வரலாற்றை முழுமையாக்கும்.