காற்பந்துத் திடலும் குழந்தைகளின் நாவும்

ஜோகூரின் மேற்குக் கரையில், மூவாருக்கும் பொந்தியானுக்கும் இடையே உள்ள பத்து பாகாட் என்னும் ஊரின் பெயரைக் கேட்ட தமிழர், அங்கே எண்ணிக்கையில் பத்தாக ஏதோ உண்டு போலும் என்று கருதுதல் கூடும். அஃதன்று. மலாய் மொழியில் 'பத்து' என்பது கல். 'பாகாட்' என்பது உளி. உளியாற் செதுக்கிய கல் என்பதே அவ்வூர்ப் பெயரின் பொருள். முற்காலத்தில் சயாம் நாட்டுப் படையினர் மின்யாக் பெக்கு என்னும் கடலோரத்தில் தங்கியபோது, குடிநீர் வேண்டிப் பாறையைக் குடைந்து கிணறெடுத்தனர் என்றும், அதனாலேயே இப்பெயர் வந்தது என்றும் அவ்வூரார் சொல்லுவர். கதை மெய்யோ பொய்யோ, கிணறு மட்டும் இன்றும் காட்டப்பட்டு வருகிறது.

இளமையிற் கற்றது கல்லில் வெட்டிய எழுத்துப் போன்றது என்று நம் முன்னோர் சொல்லிப் போந்தனர். அங்ஙனமாயின், கல்லையே பெயராகக் கொண்ட அவ்வூரிலும், அதுபோன்ற மலாயாவின் பிற ஊர்களிலும், மாலை வேளையில் காற்பந்துத் திடலின் ஓரத்தில் நிற்கும் சிறுவனுடைய நெஞ்சில் வெட்டப்படும் எழுத்து யாது? இதனையே நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

திடலின் காட்சியை வாசகர் அறிவர். வெயில் தாழ்கிறது. தந்தையின் தோள்மேல் ஒரு குழந்தை. கம்பிவேலியைப் பற்றிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பையன்கள். கையிலே கச்சான் பொட்டலம். பந்து கோட்டைக் கடந்ததா இல்லையா என்பதில் ஐயம் பிறக்கிறது. நடுவர் ஊதலை ஊதுகிறார். அவ்வளவுதான், அதுகாறும் அடக்கமாக நின்ற பெரியோர், பள்ளியிலும் கோவிலிலும் மரியாதையாகப் பேசுகின்ற பெரியோர், வாய் திறக்கின்றனர். அப்போது வெளிப்படும் சொற்களை இவ்விதழில் அச்சிட இயலாது. ஆனால் வேலியைப் பற்றி நிற்கும் பையனுக்கு அவை ஒன்றுவிடாமற் கேட்கின்றன.

எல்லாக் கூச்சலையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் நியாயமன்று. மலாயா, சிங்கப்பூர்த் திடல்களில் மிகப் பழகிய வசை ஒன்றுண்டு. 'ரெப்ரி காயு' என்பது அது. 'காயு' என்றால் மரம். நடுவருக்கு மரத்தின் அறிவே உள்ளது என்பது கருத்து. நம்மவர் 'மரமண்டை' என்பதும் இதுவே. இதில் தாயும் இல்லை, தமக்கையும் இல்லை, குலமும் இல்லை. ஒருவர் செய்த பிழையை நோக்கி எழுந்த கோபம், அப்பிழையின் அளவிலேயே நின்றுவிடுகிறது. 'கேலோங்' என்பது மற்றொன்று. கடலில் கழிகளை நட்டு மீனை வளைத்துப் பிடிக்கும் பட்டிக்கு அது பெயர். முன்கூட்டியே பணம் பேசி முடிக்கப்பட்ட ஆட்டத்துக்கும் அதுவே பெயராயிற்று. இவ்வசையில் உண்மையும் இருந்தது. 1994ஆம் ஆண்டையொட்டி மலேசியக் காற்பந்தில் நிகழ்ந்த சூது வெளிப்பட்டு, ஆட்டக்காரர் பலர் தடைசெய்யப்பட்டபோது, திடலோரத்தில் தொண்டை கிழியக் கத்தியவர் பொய் சொல்லவில்லை என்பது விளங்கிற்று. இவ்விரு சொற்களையும் ஒரு குழந்தை கற்றுக்கொள்வதால் உலகம் கெட்டுவிடப் போவதில்லை.

நமது கவலை வேறு. ஆட்டத்தை விட்டு ஆட்டக்காரரின் பிறப்பைப் பற்றிக்கொள்ளும் சொற்களே நம்மை வருத்துவன. அவற்றுள் இரண்டின் வரலாற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று பிறர் நம்மை நோக்கி எறிவது. மற்றொன்று நாமே ஒருவரையொருவர் நோக்கி எறிந்து, பின்னர் உலகுக்கும் வழங்கியது.

முதலாவது 'கெலிங்' என்பது. கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரினின்று பிறந்ததாகக் கருதப்படும் இச்சொல், தொடக்கத்தில் இழிசொல்லாக இருந்ததில்லை. மலாய் அரசர்களின் பழைய வரலாற்று நூலாகிய செஜாரா மெலாயுவில், கடலுக்கப்பாலுள்ள இந்தியப் பெருநிலத்தைக் குறிக்கும் பெயராகவே அது வருகிறது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவைக் கண்டெழுதிய போர்ச்சுகீசியர் தோமே பீரேசு, கெலிங் வணிகர்களைப் பெருஞ்செல்வராகக் குறிக்கிறார். மலாக்காவுக்கருகே தஞ்சோங் கெலிங் என்னும் ஊரும், பினாங்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. வணிகனாய் வந்தவனுக்கு வழங்கிய பெயர், கூலியாய் வந்தவனுக்கு வழங்கியபோது வசையாயிற்று. எழுத்து ஒன்றேனும் மாறவில்லை. மாறியது அச்சொல்லைப் பெற்றவனுடைய நிலையே. இன்று ஒரு தமிழ் இளைஞன் பந்தோடு ஓடும்போது வேலிக்கு வெளியேயிருந்து அச்சொல் பாயுமானால், வேலியருகே நிற்கும் தமிழ்ச் சிறுவன் தன்னைப் பற்றிய ஒரு தீர்ப்பைக் கேட்டவனாகிறான்.

இதைக் கேட்டு நமக்குச் சினம் எழுகிறது. எழவேண்டியதே. ஆயினும் இரண்டாவது சொல்லைக் கேட்கும்போது அச்சினம் எங்கே போய் ஒளிகிறது? பறை முழக்கிய மக்களின் பெயர் 'பறையர்' என்பது. அம்மக்களை ஒதுக்கி வைத்த நம்மவரின் பேச்சைக் கேட்ட ஐரோப்பியர், பதினேழாம் நூற்றாண்டிலேயே அச்சொல்லைத் தம் மொழிகளுக்குக் கொண்டுபோயினர். ஆங்கில அகராதியில் 'பறையா' என்பது இன்றும் யாவராலும் தள்ளப்பட்டவன் என்னும் பொருளுடன் நிற்கிறது. தெருவில் உடையவனின்றித் திரியும் நாய்க்கும் அப்பெயரைச் சூட்டினர். தமிழிலிருந்து உலக மொழிகளுக்குச் சென்ற சொற்களைப் பட்டியலிட்டுப் பெருமை பேசும் நம் புலவர்கள் கட்டுமரத்தையும் மிளகுத்தண்ணீரையும் மறவாமற் சொல்லுவர். இதனை மட்டும் விழுங்கிவிடுவர். மலாயாவுக்குக் கப்பலேறிய நம்மவர் தம் பெட்டியில் எதை மறந்தாலும் சாதியை மறக்கவில்லை. தோட்டங்கள் பலவற்றில் லயங்களையே சாதி பார்த்துப் பிரித்திருந்தனர். அந்த லயங்களில் வளர்ந்த வசையே திடலுக்கும் வந்தது. 'கெலிங்' என்ற சொல்லுக்குக் கண்ணீர் விடும் தமிழன், அடுத்த நிமிடமே தன் குழுவின் பின்காவலன் பந்தைத் தவறவிட்டான் என்பதற்காக அவனைச் சாதிப் பெயராலும், அவனைப் பெற்றவளின் பெயராலும் திட்டுவானாயின், அவன் மகன் இவ்விரண்டில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

இந்நா எங்கே பயின்றது என்பதற்கும் வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டத்துச் சின்னத் துரைமார் தமிழ் கற்பதற்கென அச்சான கைநூல் ஒன்றின் பெயரே 'இங்கே வா' என்பதாகும். அந்தப் பெயர் ஒன்றே போதும். தொழிலாளியிடம் பேசவேண்டிய தமிழ் ஏவல் தமிழ், ஒருமைத் தமிழ். பாட்டன் வயதுடையவனையும் 'வாடா', 'போடா' என்றழைக்கத் துரை கற்றார். துரையைப் பார்த்துக் கிராணி கற்றார். கங்காணிக்குக் கற்பிக்க வேண்டியதே இல்லை. விடியுமுன் பிரட்டில் தொடங்கும் வசை, பால்மரக் காட்டில் தொடர்ந்து, கள்ளுக்கடையில் முடியும். அதைக் கேட்டுக்கொண்டு நின்றவனுக்குத் திருப்பிச் சொல்ல வாயில்லை.

இது மிகைப்படுத்திய கூற்று என்று எண்ணுவோர், 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நினைவுகூர்க. ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் கோரிக்கைகளுள் கூலி உயர்வு இருந்தது. வேலை நேரக் குறைப்பு இருந்தது. அவற்றோடு, கொடிய அலுவலர்களை நீக்கவேண்டும், தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் மேலாளர் முறைகேடாக நடத்தல் ஒழியவேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும், குழந்தைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும் என்பனவும் இருந்தன. யாவற்றினும் நம் நெஞ்சைத் தொடுவது ஒன்று: துரையையோ அலுவலரையோ எதிரிற் கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்பது. சைக்கிளில் அமர்ந்தபடியே செல்லும் உரிமைக்காக மனிதர் வேலைநிறுத்தம் செய்தனர். அரசாங்கம் பட்டாளத்தை அழைத்தது. சுடப்பட்டு மாண்டவரும் உண்டு. நாதன் நாடுகடத்தப்பட்டார்.

அதே காலத்தில்தான் காற்பந்தும் இந்நாட்டில் வேரூன்றிற்று. மலாயா என்னும் பெயர் தாங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகள் வழங்கிய கிண்ணத்துக்கான போட்டி 1921இல் தொடங்கியது. 1967இல் அது மலேசியக் கிண்ணமாயிற்று. வார நாளெல்லாம் வசைக்கு நிறுத்தப்பட்டவன், திடலோரத்தில் தொண்ணூறு நிமிடம் தானே வசைபாடலாம். அங்கே அவனை யார் கேட்பர்? நடுவரை அவன் திட்டியபோது, வேறு யாரையோ நினைத்துத்தான் திட்டினான் என்று நாம் கருதுகின்றோம். அதை மன்னிக்கவும் நமக்கு மனம் வருகிறது. ஆனால் திட்டுவதற்கு அவன் கையாண்ட சொற்கள் கங்காணி அவனுக்குக் கொடுத்தவை. அவற்றையே அவன் தன் மகனுக்குச் சொத்தாக வைத்துப் போனான். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் மக்கள் நகரங்களுக்குக் குடியேறிய பின்னரும், அச்சொத்து மட்டும் குறைவின்றி வழிவழி வருகிறது.

திடல் இதைத்தான் கற்பிக்கும் என்பதுமில்லை. 1980ஆம் ஆண்டின் ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதிபெற்ற மலேசியக் குழுவின் இலக்குக் காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தைப் பற்றும் அவரைச் 'சிலந்தி மனிதன்' என்று மக்கள் அழைத்தனர். மாஸ்கோவுக்குச் செல்வதை நாடு புறக்கணித்தமையால் அக்குழுவினர் அங்கே ஆடவில்லை. 1988இல் சாலை விபத்தில் ஆறுமுகம் மாண்டார். மலாய்ச் சிறுவரும் சீனச் சிறுவரும் ஒரு தமிழ்ப் பெயரை மகிழ்ச்சியோடு கூவியது அவர் நின்ற காலத்தில். சிறுவன் வசையைக் கற்கும் அதே வேலியோரத்தில்தான் இதையும் கற்றான்.

சரி, பெரியவர்களின் வாயே கேடு என்றால், அவர்களை வெளியே நிறுத்திக் குழந்தைகளை மட்டும் உள்ளே விட்டால் என்ன? இது நம் கற்பனையன்று. ஐரோப்பாவில் செய்து பார்த்துவிட்டனர். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள், இஸ்தான்புல் நகரில் பெனர்பாசே குழுவின் ஆட்டத்துக்குப் பெண்களும் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவரும் மட்டுமே விடப்பட்டனர். ஆண் இரசிகர்கள் செய்த கலகத்துக்கு அது தண்டனை. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். ஆட்டக்காரர் அவர்களை நோக்கி மலர்களை எறிந்தனர். நல்ல முடிவுதான். பத்து ஆண்டுகள் கழித்து, 2021 செப்டம்பர் 30ஆம் நாள், பிராகு நகரில் ஸ்பார்ட்டா குழுவின் அரங்கு, கறுப்பின ஆட்டக்காரர் ஒருவரை இரசிகர்கள் இழித்தமைக்காக மூடப்பட்டிருந்தது. ஏறத்தாழ பதினாயிரம் பள்ளிச் சிறுவரை மட்டும் அனுமதித்தனர். எதிர்க்குழுவாகிய ரேஞ்சர்சைச் சேர்ந்த கறுப்பினத்தவரான கிளென் கமாரா பந்தைத் தொடும்போதெல்லாம் அச்சிறுவர்கள் ஊளையிட்டனர். அவ்வாண்டு மார்ச்சிலேயே அதே நகரத்தின் மற்றொரு குழுவின் ஆட்டக்காரர் கமாராவை நிறத்தைச் சொல்லி இழித்து, பத்து ஆட்டங்களுக்குத் தடைபெற்றிருந்தார். 'எங்கள் குழந்தைகளைப் பழிக்காதீர்' என்று குழுவினர் சினந்தனர். 2022 ஜூன் 4ஆம் நாள் புடாபெஸ்டிலும் இதே கதை. தண்டனையாக மூடிய அரங்கில் சிறுவர் முப்பதாயிரம் பேர் விடப்பட்டனர். இனவெறியை எதிர்த்து ஆங்கில ஆட்டக்காரர் மண்டியிட்டபோது ஊளை எழுந்தது.

தந்தையர் வீட்டிலிருந்தனர், அவர்களுடைய குரல் அரங்கிலிருந்தது. அச்சிறுவரிடம் வெறுப்பு இருந்தது என்று நாம் சொல்ல மாட்டோம். யாரைக் கண்டால் ஊளையிட வேண்டும் என்னும் பாடம் மட்டும் அவர்களிடம் நன்கு பதிந்திருந்தது.

சட்டமும் முயன்றது. இங்கிலாந்தில் 1991இல் இயற்றிய காற்பந்துக் குற்றச் சட்டம், அரங்கில் ஆபாசமாகவோ இனத்தைப் பழித்தோ கூவுதலைக் குற்றமாக்கியது. ஆனால் பலர் சேர்ந்து கூவினால்தான் அது குற்றம். ஒருவன் தனியே கூவினால் தப்பிக்கலாம். 1999இல்தான் அந்த ஓட்டையை அடைத்தனர். மலேசியாவில், 2011 ஜூலையில், செல்சி குழுவுடன் வந்த யூத ஆட்டக்காரர் யோசி பெனாயூனைக் கோலாலம்பூர் அரங்கில் சிலர் இனஞ்சுட்டி இழித்தமைக்காக, மலேசியக் காற்பந்துச் சங்கம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. பேரரங்கில் ஒலிவாங்கியும் ஒளிப்படமும் உண்டு. ஆதலால் மன்னிப்பும் உண்டு. ஊர்த்திடலில் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? அங்கே வேலி உண்டு, கச்சான் விற்பவர் உண்டு, குழந்தைகள் உண்டு.

குழந்தைகளைத் திடலுக்கே அழைத்துப் போகாதீர் என்று சொல்லும் பெரியோரும் உளர். நாம் அக்கட்சியினரல்லோம். வீட்டுக்குள் வைத்து வளர்த்த பிள்ளை தெருவில் அதே சொற்களை இரட்டிப்பாய்க் கற்கும். பையன் 'காயு' என்று தொண்டை வற்றும்வரை கத்தட்டும். ஆனால் ஆட்டம் முடிந்து, இருட்டில் தந்தையின் மோட்டார் சைக்கிளின் பின்னே அமர்ந்து வீடு திரும்பும்போது, அவன், "அப்பா, அந்த மாமா சொன்னாரே, அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பான். அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறை கேட்டே தீருவர். கலிங்கத்திலிருந்தோ, பறையிலிருந்தோ, பிரட்டுக் களத்திலிருந்தோ அச்சொல் வந்த வழியைச் சொல்லும் தந்தை மிகச் சிலர். "சும்மா வாடா" என்று அதட்டி அவன் வாயை அடைப்பவரே பலர். பையன் வாயடங்கி வருகிறான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் போகும்போது, பொருள் தெரியாத அச்சொல்லும் அவனோடு போகிறது.