பெருக்கக் கட்டுப்பாடு (கார் ஒலியமைப்பு)

பெருக்கக் கட்டுப்பாடு என்பது கார் ஸ்டீரியோ அனுப்பும் மின்னழுத்தத்திற்கு ஏற்ப, பெருக்கியின் உள்ளீட்டு உணர்திறனைப் பொருத்தப் பயன்படும் திருகு ஆகும். பேச்சு வழக்கில் இது கெயின் எனப்படுகிறது. இதனை இன்னொரு ஒலியளவுத் திருகு எனக் கருதி முழுவதும் திருப்பி வைப்பதே ஸ்பீக்கர்கள் கருகுவதற்கு ஒரு முக்கியக் காரணமாகும்.

செயற்பாடு

100 வாட் பெருக்கி ஒன்று 4 ஓம் ஸ்பீக்கருக்கு முழுத்திறனை அளிக்க 20 வோல்ட் வெளியீடு தேவை (திறன், மின்தடை ஆகியவற்றின் பெருக்குத்தொகையின் வர்க்கமூலம்). ஸ்டீரியோ 2 வோல்ட் தருமாயின் 10 மடங்கு பெருக்கம் போதுமானது. திருகை 0.2 வோல்ட் குறிக்குத் திருப்பினால் பெருக்கம் 100 மடங்காகிறது. திருகில் எண் குறையக் குறையப் பெருக்கம் கூடும் என்பது புதியவர்களைக் குழப்புவதுண்டு. 2 வோல்ட் உள்ளீட்டிற்கு அப்போது 200 வோல்ட் வெளிவர வேண்டும். பெருக்கியின் மின்வழங்கியால் அது இயலாது. எனவே அலையின் முகடுகள் வெட்டப்பட்டுச் சதுர அலையை ஒத்த வடிவம் உண்டாகிறது. அதே உச்ச மின்னழுத்தமுடைய சைன் அலையைவிடச் சதுர அலையின் திறன் இரு மடங்கு என்பதால் ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் சூடேறிக் கருகுகிறது. கூடவே, ஆல்டர்னேட்டரின் இரைச்சலும் பெருக்கப்படுகிறது.

அமைக்கும் முறை

ஸ்பீக்கர் இணைப்புகளைக் கழற்றி, பாஸ், டிரெபிள் ஆகியவற்றைச் சுழியில் வைத்து, ஸ்டீரியோவின் ஒலியளவை முக்கால் பங்கிற்கு உயர்த்த வேண்டும். பின் முழு அளவில் பதிவான சைன் அலையை ஒலிக்கவிட்டு, பெருக்கியின் வெளியீட்டை மல்டிமீட்டரின் மாறுமின்னழுத்த நிலையில் அளந்து, கணக்கிட்ட மதிப்பு வரும்வரை திருகைத் திருப்ப வேண்டும். சப்வூஃபருக்கு 50 ஹெர்ட்சு பொருத்தமானது. பிற ஸ்பீக்கர்களுக்கு 1000 ஹெர்ட்சு வழக்கமெனினும், மலிவான மல்டிமீட்டர்கள் அந்த அதிர்வெண்ணில் பிழையாகக் காட்டலாம். அலைநோக்கி இருப்பின் முகடு வெட்டப்படுவதை நேரடியாகவே காணலாம்.

பாடல்களின் பதிவளவு

எல்லாப் பாடல்களும் ஒரே அளவில் பதிவாவதில்லை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி செல்லும் வேன் ஒன்றில், நாடாவிலிருந்து மாற்றப்பட்ட பழைய முருகன் பாடல் மெலிதாக ஒலிக்கிறது எனக் கொள்வோம். அதற்கேற்பக் கெயினை உயர்த்திவிட்டால், அடுத்து வரும் புதிய திரைப்பாடலில் முகடுகள் வெட்டப்படும். இத்தகைய வேளையில் ஸ்டீரியோவின் ஒலியளவையே கூட்டிக் குறைக்க வேண்டும்.

ஸ்டீரியோவின் உள்ளமைந்த பெருக்கிக்கு இத்திருகு இருப்பதில்லை. அதன் பெட்டியில் 50 வாட் என அச்சிட்டிருப்பினும், 14.4 வோல்ட் மின்வழங்கலில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுமார் 26 வாட்டிற்கு மேல் வெட்டுறாத சைன் அலையாகப் பெற இயலாது.