கடிவாளம் அவிழ்ந்த காவலும் கல்லீரலும்

புற்றுநோய்க்கு மருந்தை வெளியே தேடாமல் உடலின் காவற்படையையே ஏவிவிடலாம் என்னும் எண்ணம் புதிதன்று. 1891ஆம் ஆண்டிலேயே நியூயார்க் நகர அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, புற்றுக்கட்டியால் வருந்திய நோயாளி ஒருவரின் உடலில் நோய்க்கிருமிகளைச் செலுத்தி, அக்காவலைத் தட்டியெழுப்ப முயன்றார். பயன் ஒருசீராக அமையாமையாலும், கதிர்மருத்துவம் வளர்ந்தமையாலும், அம்முறை நாளடைவில் வழக்கொழிந்தது.

நூறாண்டு கழித்தே வேறொரு வாயில் திறந்தது. காவலணுக்களைத் தூண்டுவதினும், அவற்றை அடக்கிவைத்திருக்கும் கடிவாளத்தை அவிழ்ப்பதே வழியென அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் அலிசன் கருதினார். சி.டி.எல்.ஏ-4 என்னும் புரதமே அக்கடிவாளம். அதனைத் தடுத்தபோது எலிகளின் கட்டிகள் மறைந்தன என்னும் செய்தி 1996இல் வெளிவந்தது. ஜப்பானிய அறிஞர் தசுக்கு ஹோன்ஜோவின் குழுவினர் 1992இல் கண்டறிந்த பி.டி-1 புரதமும் மற்றொரு கடிவாளமே எனப் பின்னர் தெளிவாயிற்று. 2018இல் இவ்விருவரும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பரிசு பலருக்கும் நினைவிருக்கிறது. 1995இல் கிடைத்த எச்சரிக்கையோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சி.டி.எல்.ஏ-4 அறவே இன்றிப் பிறந்த எலிகள் சில வாரங்களிலேயே மடிந்தன. கட்டின்றிப் பெருகிய காவலணுக்கள் அவற்றின் உள்ளுறுப்புகளிற் புகுந்து அழித்திருந்தன. வேலியே பயிரை மேய்ந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அலிசனின் பெயரை மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர்கள் அவ்வெலிகளையும் சொல்லுதல் நன்று.

2011இல் இப்பிலிமுமாப் என்னும் மருந்து, மெலனோமா என்னும் தோற்புற்றுக்கு அமெரிக்காவில் இசைவு பெற்றது. அதுவரை நம்பிக்கையிழந்திருந்தோருள் சிலர் பல்லாண்டு வாழ்ந்தனர். அதே மருந்து சிலருடைய தோலையும் குடலையும் சுரப்பிகளையும் கல்லீரலையும் தாக்கியது. இவற்றுள் கல்லீரல் அழற்சி ஓசையின்றி வருவது. பெரும்பாலும் வலியில்லை, மஞ்சட்காமாலையும் தோன்றுவதில்லை. இரத்தத்தில் கல்லீரல் நொதிகள் ஏறியிருப்பதொன்றே அடையாளம்.

2011இலேயே இசைவு பெற்ற வெமுராஃபெனிப் என்னும் வேறொரு மெலனோமா மருந்தை இதனுடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர். தனித்தனியே பயன் தந்த மருந்துகள் ஒன்றுசேர்ந்து கல்லீரலை வருத்தவே, அவ்வாய்வு நிறுத்தப்பட்ட செய்தி 2013இல் வெளியாயிற்று.

அழற்சி கடுமையானால் மருத்துவர் மருந்தை நிறுத்தி, ஸ்டீராய்டு கொடுத்துக் காவலணுக்களை மீண்டும் அடக்குகின்றனர். அவிழ்த்த கடிவாளத்தை அவர்களே பூட்டவேண்டிய நிலை! ஸ்டீராய்டுக்கு அடங்காவிடில் மைக்கோஃபினோலேட் துணைக்கு வரும். குடல் அழற்சிக்குக் கைகொடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் கல்லீரலுக்கே ஊறு செய்யக்கூடுமாதலின், இங்கு அதனைத் தவிர்ப்பர். உரிய காலத்தில் கண்டறியப்பட்டோருள் பெரும்பாலோர் தேறிவிடுகின்றனர். ஆகவேதான் இன்று, ஒவ்வொரு தவணைக்கும் முன்னர் இரத்தம் எடுத்து நொதிகளின் அளவைப் பார்த்த பின்னரே மருந்தை ஏற்றுகின்றனர்.