தீர்வகத்துக்கு வெளியே நின்ற ஒப்பந்தம்

2007 ஜூனில் கோவையைச் சேர்ந்த ராஜஸ்ரீ சுகர்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம், பின்னர் ஆக்சிஸ் வங்கி என்று பெயர் மாறிய யுடிஐ வங்கியுடன் ஓர் ஆப்ஷன் ஒப்பந்தம் செய்துகொண்டது. அமெரிக்க டாலருக்கும் சுவிஸ் பிராங்குக்கும் இடையிலான மாற்று விகிதம் எந்த மட்டத்தைத் தொடுகிறது என்பதைப் பொறுத்து யார் யாருக்குப் பணம் தருவது என்று முடிவாகும் ஒப்பந்தம் அது. கரும்பு ஆட்டும் ஆலைக்கும் சுவிஸ் பிராங்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்தக் கேள்வி அந்த ஆலைக்கு மட்டுமானதல்ல; அதே ஆண்டில் ரூபாயின் மதிப்பு ஏறி டாலர் வருமானம் சுருங்கியபோது, திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் பலரும் இத்தகைய ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டிருந்தார்கள். 2008 மார்ச்சில் ஒரு டாலரின் விலை ஒரு சுவிஸ் பிராங்குக்கும் கீழே போனது. அதையொட்டி எழுந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது.

இது வெறும் பந்தயம், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவின்படி செல்லாது என்பது நிறுவனத்தின் வாதம். 2008 அக்டோபர் 14 அன்று நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் அதை ஏற்கவில்லை. ஒப்பந்தம் செல்லும் என்றார். ஆப்ஷன் போன்ற டெரிவேட்டிவ் ஒப்பந்தங்கள் குறித்து இந்திய நீதிமன்றம் ஒன்று இவ்வளவு விரிவாக ஆராய்ந்த முதன்மையான தீர்ப்புகளில் இதுவும் ஒன்று. ஆனால் ‘செல்லும்’ என்ற முடிவுக்குப் பின்னால் ஒரு சட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் ஒரு நிபந்தனை இடம் மாறிய கதையைத்தான் இக்கட்டுரை பின்தொடர்கிறது.

பங்குச் சந்தையில் முன்பேர வணிகத்தை மத்திய அரசு 1969 ஜூன் 27 அறிவிக்கையால் தடை செய்தது. தடை இருந்தும் வேறு வடிவில் அது தொடர்ந்தது. தீர்க்கும் நாள் வந்ததும் கணக்கை முடிக்காமல், வட்டி கட்டி அடுத்த தவணைக்குத் தள்ளிக்கொண்டே போகும் பத்லா முறை பல ஆண்டுகள் ஓடியது. வாங்கியவர் பணம் தராவிட்டால் விற்றவரின் கதி என்ன என்ற கேள்விக்கு அங்கே உறுதியான பதில் இல்லை. தரகரின் நாணயமே உத்தரவாதம். 2001 மார்ச்சில் கல்கத்தா பங்குச் சந்தையில் தரகர்கள் பணம் கட்டத் தவறியபோது அந்த உத்தரவாதத்தின் எடை தெரிந்துபோயிற்று. அதே ஆண்டு ஜூலையில் பத்லா நிறுத்தப்பட்டது.

இதற்கு மாற்று அதற்குள் தயாராகியிருந்தது. தேசியப் பங்குச் சந்தையின் கிளியரிங் கார்ப்பரேஷன், அதாவது தீர்வகம், 1995-இல் அமைக்கப்பட்டு 1996 ஏப்ரலில் வேலையைத் தொடங்கியது. இந்தியாவில் இந்த வகையில் முதல் அமைப்பு. அதன் வேலை இதுதான்: இருவர் பேரம் முடிந்த கணமே தீர்வகம் நடுவில் புகுந்து, வாங்கியவருக்கு விற்பவராகவும் விற்றவருக்கு வாங்குபவராகவும் ஆகிவிடும். எதிராளி யாரென்று தெரியாமலே வணிகம் நடக்கலாம். அதற்கு விலையாக இரு தரப்பும் முன்பணம், அதாவது மார்ஜின், கட்ட வேண்டும். அன்றன்றைய நஷ்டத்தை அன்றன்றைக்கே தீர்க்க வேண்டும். என் பார்வையில் இதன் பெரும் பயன் இழப்பை ஒளித்துவைக்க இடமில்லாமல் போவதுதான். கூரையில் ஒழுக்கு விழுந்த அன்றே தரை நனைவதுபோல, நஷ்டம் பிறந்த நாளிலேயே கணக்கில் தெரிந்துவிடும்.

எல்.சி. குப்தா குழு 1998-இல் டெரிவேட்டிவ் சந்தைக்குப் பரிந்துரை தந்தது. மார்ஜின் எவ்வளவு என்பதைக் கணக்கிடும் வழியை ஜே.ஆர். வர்மா குழு வகுத்தது. அடுத்து 1999-இல் பங்கு ஒப்பந்தங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் 18ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அங்கீகரிக்கப்பட்ட சந்தையில் நடந்து, அதன் தீர்வகத்தில் தீர்க்கப்பட்டால் டெரிவேட்டிவ் ஒப்பந்தம் செல்லும் என்றது அப்பிரிவு. சட்டம் ஒரு பொருளாதாரக் கருத்தை எவ்வளவு துணிவாகப் பிடித்துக்கொண்டது என்று இதைப் படிக்கும்போதெல்லாம் வியப்பேன். பந்தயத்துக்கும் வணிகத்துக்கும் இடையில் சட்டம் வைத்த எல்லைக்கல் தீர்வகம். 2000 ஜூனில் குறியீட்டு பியூச்சர்ஸ் வணிகம் தொடங்கியது.

வங்கிகள் தங்களுக்குள்ளும் வாடிக்கையாளருடனும் செய்துகொண்ட ஒப்பந்தங்களோ சந்தைக்கு வெளியே நிகழ்ந்தன. அவற்றின் சட்டநிலை தெளிவில்லாமல் இருந்தது. 2006-இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு 45வி பிரிவு வந்தது. ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு ரிசர்வ் வங்கியாகவோ பட்டியலிடப்பட்ட வங்கியாகவோ அதன் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட அமைப்பாகவோ இருந்தால் போதும், அது செல்லும். நான் குறிப்பிட்ட இடமாற்றம் இங்கே நடந்தது. 1999-இல் தீர்வகம் நின்ற இடத்தில் 2006-இல் வங்கியின் பெயர் வந்து நின்றது. தினசரிக் கணக்கும் மார்ஜினும் இல்லாமலே ஒப்பந்தம் சட்டபூர்வமானது. கோவை வழக்கு இந்த இடைவெளியில் விழுந்தது.

வங்கிகளுக்கு இடையிலான பக்கம் சும்மா இருந்துவிடவில்லை. 2001-இல் அமைந்த கிளியரிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா 2002 பிப்ரவரியில் அரசுக் கடன்பத்திரங்களுக்கும், அதே ஆண்டு நவம்பரில் அந்நியச் செலாவணிக்கும் தீர்வுப் பணியைத் தொடங்கியது. 2009-இல் ஃபார்வர்ட் ஒப்பந்தங்களும், 2014-இல் ரூபாய் வட்டி ஸ்வாப்களும் சேர்ந்தன. உலகம் இந்த முறையைக் கண்டுகொண்டது 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்த பிறகு. லேமனின் சுமார் 9 லட்சம் கோடி டாலர் வட்டி ஸ்வாப்களை லண்டன் தீர்வகம் மற்ற உறுப்பினர்களுக்கு நஷ்டமின்றிக் கரைத்துக் காட்டியது. மறு ஆண்டு பிட்ஸ்பர்க் ஜி-20 மாநாடு, தரப்படுத்தப்பட்ட ஒப்பந்தங்கள் அனைத்தும் 2012 முடிவுக்குள் தீர்வகங்கள் வழியே செல்ல வேண்டும் என்று தீர்மானித்தது.

இந்தப் பாதுகாப்பு வங்கியை வங்கியிடமிருந்து காத்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கழிவை டாலரில் வாங்கும் ஓர் உருக்காலையும், வேப்பம்பட்டுப் பக்கம் உதிரிபாகம் செய்து ஏற்றுமதி செய்யும் ஒரு பட்டறையும் தம் வங்கியோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் அந்த வளையத்துக்குள் வருவதில்லை. அவர்களுக்கு மிஞ்சியது நடத்தை விதிகள்தான். வாடிக்கையாளருக்குப் பொருத்தமான ஒப்பந்தத்தையே விற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2007 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. 2011 ஏப்ரலில் டெரிவேட்டிவ் விதிகளை மீறியதற்காக 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது; வங்கிக்கு 5 லட்சம் முதல் 15 லட்சம் ரூபாய் வரை. ஏற்றுமதியாளர்கள் நீதிமன்றங்களில் எழுப்பிய தொகைகளோடு ஒப்பிட இது மிகச் சிறியது என்பதே என் மதிப்பீடு. 2021 செப்டம்பர் வழிகாட்டுதல் பயனாளர்களைச் சில்லறை, சில்லறை அல்லாதோர் என்று பிரித்துச் சிக்கலான வகைகளைச் சில்லறைப் பயனாளருக்கு விற்பதைக் கட்டுப்படுத்தியது. கோவை வழக்குக்கு முன்பே இது வந்திருக்க வேண்டும்.

சிறு நிறுவனம் தீர்வகத்தின் காப்போடு நுழையக்கூடிய வாசல் ஒன்று இருந்தது. 2008 ஆகஸ்ட் 29 அன்று தேசியப் பங்குச் சந்தையில் நாணய பியூச்சர்ஸ் தொடங்கியபோது ஓர் ஒப்பந்தத்தின் அளவு 1,000 டாலர்தான். 2024 மே முதல் அங்கே ரூபாய் ஒப்பந்தம் எடுப்போர் எல்லோருக்கும் மெய்யான அந்நியச் செலாவணி இடர் இருந்தாக வேண்டும் என்ற விதி கண்டிப்பாக்கப்பட்டதும் வணிகம் வெகுவாகக் குறைந்தது. மெய்யான ஏற்றுமதியாளருக்கு அந்த விதி தடையில்லை. ஆனால் எதிர்ப்பக்கம் நிற்க ஆளில்லாத சந்தையில் அவர் நல்ல விலைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருக்க முடியாதவர் மறுபடி வங்கியின் மேசைக்கே போகிறார்.