மட்டனைக் குறைக்கச் சொல்லிட்டாங்களா? மீல் மேக்கர், காளான், பலாக்காய்... கறிக்கு மாற்றாக எது சரிப்படும்? முழு விளக்கம்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால், அருவியில் குளித்துவிட்டு நேராக பிரானூர் பார்டருக்கு வண்டியைத் திருப்புவதுதான் பலருக்கும் வழக்கம். சுடச்சுட பரோட்டா, பிச்சுப் போட்ட கோழி, மேலே ஊற்றிய சால்னா. ஆனால் அதே வண்டியில் இப்போது ஒருவராவது, "எனக்கு கறி வேண்டாம்ப்பா, டாக்டர் குறைக்கச் சொல்லிருக்காரு" என்கிறார். அவருக்கு இலையில் என்ன வைப்பது? கறியைக் குறைப்பவர்கள் அதற்குப் பதிலாக எதைச் சாப்பிடலாம், எதில் ஏமாறக்கூடாது என்று இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

கறியைக் குறைப்பது நமக்குப் புதுசா?

இல்லை. 2014-ம் ஆண்டு மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 97 சதவீதம் பேர் அசைவம் சாப்பிடுபவர்கள். ஆனாலும் வருஷம் முழுக்க யாரும் கறியே சாப்பிடுவதில்லை. புரட்டாசி வந்தால் பல வீடுகளில் அசைவம் கிடையாது. கார்த்திகையில் மாலை போட்டால் ஒரு மண்டலம் சைவம்தான். செங்கோட்டை, ஆரியங்காவு, அச்சன்கோவில் வழியாக சபரிமலை போகும் பக்தர்களால் அந்த மாதங்களில் குற்றாலமே நிரம்பி வழியும். கிறிஸ்தவக் குடும்பங்களில் தவக்காலம் உண்டு.

கறியைப் போலச் சமைப்பதும் நம்ம ஊருக்குப் பழசு. பாசிப்பயறை அரைத்து, ஆவியில் வேகவைத்து, துண்டு போட்டு வைக்கும் ‘சைவ ஈரல் குழம்பு’, வாழைக்காயை மீன் துண்டு மாதிரி நறுக்கிப் பொரிக்கும் வறுவல், வாழைப்பூ கோலா உருண்டை... பெயர்தான் ‘மாற்று இறைச்சி’ என்று புதிதாக வந்திருக்கிறது.

ஏன் குறைக்கச் சொல்கிறார்கள்?

முதலில் ஒரு தெளிவு. ‘கறி’ என்று நாம் சொல்வதெல்லாம் ஒன்றல்ல. ஆடு, மாடு, பன்றி ஆகியவை சிவப்பு இறைச்சி. கோழியும் மீனும் அந்தக் கணக்கில் வராது. சாசேஜ், சலாமி, ஹாம் போன்றவை பதப்படுத்திய இறைச்சி.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-ல் பதப்படுத்திய இறைச்சியை ‘புற்றுநோய் உண்டாக்கும்’ பட்டியலிலும், சிவப்பு இறைச்சியை ‘அநேகமாக உண்டாக்கக்கூடும்’ பட்டியலிலும் சேர்த்தது. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடும் என்றது. சிவப்பு இறைச்சியை வாரத்துக்கு, சமைத்த எடையில் 350 முதல் 500 கிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது உலக புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம். ஆட்டுக்கறியில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்தும் என்பது இன்னொரு காரணம். பணக்கணக்கும் இருக்கிறது. மட்டன் விற்கும் விலையில் வாராவாரம் வாங்க முடியாத வீடுகளும் உண்டு.

அதாவது, பெரும்பாலானோருக்கு ‘அடியோடு நிறுத்து’ என்பதல்ல, ‘அளவைக் குறை’ என்பதுதான் அறிவுரை.

மீல் மேக்கர் என்பது என்ன?

சோயா பீன்ஸிலிருந்து எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் மாவுதான் இதன் மூலப்பொருள். அதில் தண்ணீர் கலந்து, அதிக சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரு இயந்திரத்தின் சிறு துளை வழியாகத் தள்ளுவார்கள். அழுத்தத்திலிருந்து வெளியே வந்ததும் அது பொரி மாதிரி உப்பும். உள்ளே புரதம் நார் நாராக அடுக்கிக்கொள்ளும். அந்த நார்தான் கடிக்கும்போது கறி மாதிரி இருக்கிறது.

பாக்கெட்டில் 100 கிராமுக்கு சுமார் 52 கிராம் புரதம் என்று போட்டிருப்பார்கள். அது உண்மைதான், ஆனால் காய்ந்த உருண்டைக்கு! தண்ணீரில் ஊறியதும் எடை கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். நம் தட்டுக்கு வரும் 100 கிராமில் இருப்பது சுமார் 15 முதல் 17 கிராம் புரதம்தான். ‘சிக்கனைவிட ரெண்டு மடங்கு’ என்று வாட்ஸ்அப்பில் வருவது இந்தக் கணக்கை மறைத்துத்தான்.

புரதக் கணக்கு: எதில் எவ்வளவு?

100 கிராமுக்குத் தோராயமாக:

• சமைத்த கோழி (எலும்பு, தோல் இல்லாமல்) – 27 முதல் 30 கிராம்
• சமைத்த மட்டன் – சுமார் 25 கிராம்
• பன்னீர் – சுமார் 18 கிராம் (கொழுப்பும் 20 கிராமுக்கு மேல்)
• ஊறவைத்துப் பிழிந்த மீல் மேக்கர் – 15 முதல் 17 கிராம்
• டோஃபு எனும் சோயா பன்னீர் – 8 முதல் 15 கிராம்
• வேகவைத்த கொண்டைக்கடலை – 8 முதல் 9 கிராம்
• வேகவைத்த பருப்பு – சுமார் 7 கிராம்
• காளான் – 2 முதல் 3 கிராம்
• பலாக்காய் – சுமார் 2 கிராம்
• முட்டை – ஒன்றுக்கு சுமார் 6 கிராம்

நமக்கு எவ்வளவு தேவை? உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்கிறது ஐ.சி.எம்.ஆர். 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளுக்கு சுமார் 50 கிராம்.

பலாக்காயும் காளானும் கறிக்கு ஈடாகுமா?

வாய்க்கு ஈடாகும், உடம்புக்கு ஈடாகாது. பழுக்காத பலாக்காயின் சதை வெந்ததும் நார் நாராகப் பிரியும். மசாலாவும் நன்றாகப் பிடிக்கும். ‘பலாக்காய் பிரியாணி’ கறி பிரியாணி மாதிரியே இருக்கிறது என்பதற்கு அதுதான் காரணம். காளானில் இயற்கையாகவே குளூட்டமேட் இருப்பதால் கறிக்குரிய ருசி கிடைக்கும். ஆனால் இரண்டிலும் புரதம் மிகக் குறைவு. மட்டனுக்குப் பதில் பலாக்காய் குழம்பு வைத்தால், கூடவே சுண்டலோ, பருப்போ, முட்டையோ, ஒரு கிண்ணம் தயிரோ இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை: மழைக்காலத்தில் மலையடிவாரத்தில் முளைக்கும் காளானைப் பறித்துச் சமைக்காதீர்கள். விஷக்காளானையும் நல்ல காளானையும் பார்த்து மட்டும் பிரிக்க முடியாது. பண்ணையில் வளர்த்த சிப்பிக் காளான், மொட்டுக் காளான் வாங்கினால் போதும்.

பாக்கெட்டில் வரும் ‘செடி இறைச்சி’ எப்படி?

அமெரிக்காவில் பியாண்ட் மீட், இம்பாசிபிள் ஃபுட்ஸ் நிறுவனங்கள் பிரபலமாக்கியது இது. வெட்டினால் ‘ரத்தம்’ வருவது போலத் தெரியும் இம்பாசிபிள் பர்கர் 2016-ல் வந்தது. சோயா வேரில் இருக்கும் ஹீம் என்ற பொருளை ஈஸ்ட் மூலம் தயாரித்துச் சேர்க்கிறார்கள். இந்தியாவிலும் உதய்பூரின் குட்டாட், நடிகர்கள் ரித்தேஷ் தேஷ்முக் – ஜெனிலியா தம்பதியின் இமேஜின் மீட்ஸ் போன்ற நிறுவனங்கள் உள்ளன.

வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். உப்பு எவ்வளவு, நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள். தேங்காய் எண்ணெயோ பாமாயிலோ அதிகம் சேர்த்திருந்தால், கொலஸ்ட்ராலுக்காக மட்டனை விட்டவருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. பச்சை வட்டம் இருந்தால் சைவம். பால் உட்பட விலங்குப் பொருள் எதுவுமே வேண்டாம் என்பவர்கள், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2022-ல் கொண்டுவந்த வீகன் முத்திரையைத் தேட வேண்டும்.

கடைக்குப் போனால் எங்கே தவறு நடக்கிறது?

பிரானூர் ‘பார்டர்’ என்ற பெயரே ஒரு பழைய எல்லையின் மிச்சம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் கேரளப் பக்கமிருந்து தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லை நகர்ந்துபோனது, பெயர் நின்றுவிட்டது. சைவத்துக்கும் அசைவத்துக்கும் நடுவிலும் அப்படி ஒரு குழப்பமான எல்லை இருக்கிறது. அதுதான் சால்னா!

கறித்துண்டு இல்லாத ‘பிளைன் சால்னா’ சைவம் என்று பலர் நினைக்கிறார்கள். பல கடைகளில் அது கறி வெந்த அதே சாறுதான். விரதத்தில் இருப்பவர்கள், "அண்ணாச்சி, இது கறி போட்டு இறக்குன சால்னாவா, தனியா வச்சதா?" என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. பொரிக்கும் எண்ணெயும் கல்லும் தனியா என்பதையும் கேட்கலாம்.

இன்னொரு தவறு: "கறியை விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, கோபி 65, காளான் 65, சோயா 65 என்று எண்ணெயில் பொரித்ததையே சாப்பிடுவது. கூட நாலு எண்ணெய் பரோட்டா. மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை எடுத்தால் எண்கள் அப்படியே இருக்கும். "கறியே தொடலையே டாக்டர்!" என்று வருத்தப்படுவதில் பயனில்லை. மட்டன் போன இடத்தில் மைதாவும் எண்ணெயும் வந்து உட்கார்ந்துவிட்டது.

முக்கியமானது: பி12 மறந்துவிடாதீர்கள்

வைட்டமின் பி12 இயற்கையாகச் செடி உணவுகளில் கிடைப்பதில்லை. மீல் மேக்கரிலும் இல்லை, பலாக்காயிலும் இல்லை. கறி, மீன், முட்டை, பால், தயிரில்தான் உண்டு. உடம்பில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது. சிலருக்கு வருஷங்கள் கழித்துத்தான் தெரியும்.

சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை நீண்டகாலம் எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அந்த மாத்திரையே பி12 அளவைக் குறைக்கக்கூடியது. அதோடு கறி, முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்தினால் பாதிப்பு இரட்டிப்பாகும். கால் மரத்துப்போவது, எரிச்சல், மறதி, அசதி ஆகியவற்றை "சுகர்தான் காரணம்" என்று விட்டுவிடுவார்கள். பி12 குறைவினாலும் இதே தொல்லைகள் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சிகிச்சையும் எளிது. கவனிக்காமல் விட்டால் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம்.

அடுத்தது இரும்புச்சத்து. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. கறியிலுள்ள இரும்பை உடல் சுலபமாக எடுத்துக்கொள்ளும். பருப்பு, கீரையில் உள்ளதை அவ்வளவு எளிதாக எடுக்காது. அதற்கு ஒரு வழி நம்ம மாவட்டத்திலேயே விளைகிறது. சுண்டலிலும் கீரையிலும் புளியங்குடி எலுமிச்சையைப் பிழிந்துகொள்ளுங்கள். வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

சோயா பற்றிய பயங்கள்: உண்மையா?

• ஆண்களுக்கு ஹார்மோன் குறையுமா? பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2010, 2021 பகுப்பாய்வுகளில், சோயாவால் டெஸ்டோஸ்டிரோன் குறைவதாகத் தெரியவில்லை.
• தைராய்டு? மாத்திரை எடுப்பவர்கள் சோயா சாப்பிடலாம். ஆனால் மாத்திரை உடலில் சேர்வதை சோயா குறைக்கும் என்பதால், இரண்டுக்கும் நடுவே சில மணி நேர இடைவெளி வேண்டும்.
• யூரிக் அமிலம்? கறி, கடல் உணவு அளவுக்கு பயறு வகைகள் கௌட் அபாயத்தைக் கூட்டுவதில்லை.
• சிறுநீரக நோயாளிகள் எவ்வளவு புரதம் என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். சோயா அலர்ஜி உள்ளவர்கள் தொடவே கூடாது.

வீட்டில் எப்படித் தொடங்குவது?

1. ஒரேயடியாக மாற்றாதீர்கள். கொத்துக்கறி வைக்கும் நாளில் பாதி கறி, பாதி உதிர்த்த மீல் மேக்கர் போடுங்கள். வீட்டில் பெரும்பாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

2. மீல் மேக்கரின் பச்சை வாசனை போக, உப்புத் தண்ணீரில் 5 முதல் 10 நிமிஷம் கொதிக்கவிட்டு, நன்றாகப் பிழிந்து, இரண்டு தடவை அலசிப் பிழியுங்கள். பிழிந்தால்தான் மசாலா உள்ளே போகும். ஒரு ஆளுக்குக் காய்ந்த எடையில் 25 முதல் 30 கிராம் போதும்.

3. மசாலாவில் கை வைக்காதீர்கள். கறிக்குழம்பு வாசனையில் பெரும்பங்கு சோம்பு, பட்டை, இஞ்சி பூண்டு, வறுத்து அரைத்த தேங்காயிலிருந்து வருவது. அதை அப்படியே போட்டால் நாக்கு பாதி சமாதானமாகிவிடும்.

4. பயறு வகைகளை முதல் நாள் இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். வாயுத் தொல்லை குறையும்.

5. மட்டனுக்கு மாற்று சோயாதான் என்றில்லை. குழம்பில் மீன், வாரத்தில் சில நாள் முட்டை என்று மாற்றினாலே சிவப்பு இறைச்சி குறையும்.

கர்ப்பிணிகள், வளரும் குழந்தைகள், முதியவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள் கறியை முழுவதுமாக நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

சுருக்கமாக...

கறி மாதிரி ருசிக்கு பலாக்காயும் காளானும், புரதத்துக்கு மீல் மேக்கரும் பயறும், பி12-க்கு பால், தயிர், முட்டை. ஒன்றே எல்லாவற்றையும் தராது. அடுத்த சாரலுக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு பார்டர் போனால், அவருக்கு மட்டும் வெறும் பரோட்டாவை வைக்காதீர்கள். இரண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட், கொஞ்சம் பிச்சுப் போட்ட கோழி. சாப்பாட்டை விட்டு அவரைத் தள்ளிவைக்கவும் வேண்டாம், டாக்டர் பேச்சைத் தட்டவும் வேண்டாம்.

(இது பொதுவான தகவல் மட்டுமே. நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் உணவு மாற்றத்தை மருத்துவர் அல்லது உணவியல் நிபுணரின் ஆலோசனையுடன் செய்யவும்.)